பழைய காரில் இன்ஜின் சத்தம்: எந்தச் சத்தத்துக்கு எதை முதலில் பார்ப்பது

அப்பா வாங்கிய 2003-ம் வருட மாருதி 800 இன்னும் எங்கள் போர்டிகோவில்தான் நிற்கிறது. அதோடு மல்லுக்கட்டிக் கற்றதை வைத்து, சித்தப்பாவின் ஆல்டோ, மாமாவின் ஜென், எதிர்வீட்டு சான்ட்ரோ என்று எது சத்தம் போட்டாலும் "கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லேன்" என்று என்னைக் கூப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நான் மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். வண்டி அதிகம் ஓடவில்லை, அதனால் ஆயில் மாற்றவில்லை. "வருஷத்துக்கு ரெண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல, அதுக்குள்ள எதுக்கு ஆயில்?" என்பார்கள்.

கோயில், மார்க்கெட், ஸ்கூல் என்று மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. கையேட்டில் கிலோமீட்டரும் மாதமும் சேர்த்துப் போட்டு "எது முன்னே வருகிறதோ அது" என்று எழுதியிருப்பது இதற்காகத்தான். நம்மூரில் கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறார்கள், மாதத்தை யாரும் எண்ணுவதில்லை.

கீழே இருப்பதெல்லாம் பழைய சின்ன பெட்ரோல் கார்களை மனதில் வைத்து எழுதியது. எந்தத் தலைப்பிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், பெரிய செலவு கடைசியில் வரும். வரிசையை மாற்றாதீர்கள். டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இழுத்துப் பார்க்காமலே இன்ஜினை இறக்கிய வீடுகள் எனக்குத் தெரியும்.

## எந்தச் சத்தமானாலும் முதல் பத்து நிமிடம்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விடுங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, மறுபடி முழுசாகச் செருகி எடுங்கள். முதல் தடவை எடுத்ததில் தெரியும் அளவை நம்பாதீர்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருந்தால் சரி. கீழ்க்கோட்டைத் தொட்டிருந்தால் பெரும்பாலான சின்ன கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைகிறது என்று அர்த்தம். மொத்தமே மூன்று லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும் இன்ஜினில் அது பெரிய குறை.

ஒரு சொட்டு ஆயிலை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், உழைத்த ஆயில் கறுக்கத்தான் செய்யும். பெட்ரோல் வாடை அடிக்கிறதா, தண்ணீர் போல ஓடுகிறதா, வெயிலில் பிடித்தால் மினுமினுப்பு தெரிகிறதா என்று பாருங்கள். மினுமினுப்பு தெரிந்தால் "அடியிலிருந்து டொக் டொக்" என்ற தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அடுத்தது டாஷ்போர்டில் ஆயில் குடம் போட்ட சிவப்பு விளக்கு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பினால் அது எரிய வேண்டும், இன்ஜின் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் அணைய வேண்டும். ஆன் செய்யும்போதே எரியவில்லையென்றால் பல்பு போயிருக்கும், உங்களை எச்சரிக்க ஆளே இல்லை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: அந்த விளக்கு ஆயில் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. ஆயில் பாதிக்கும் கீழே போகும்வரை பேசாமல் இருந்துவிட்டு, வளைவில் திரும்பும்போது ஒரு மின்னு மின்னும். அதைப் பார்த்த பிறகும் "வீடு வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் இன்ஜின் சீஸ் ஆகலாம், அதாவது உள்ளே இறுகி நின்றுவிடலாம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். முனையை இன்ஜினின் அசையாத பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வையுங்கள். உச்சியில் வால்வுகளை மூடியிருக்கும் டாப்பெட் கவர், ஹெட், பிளாக், அடியில் ஆயில் சேம்பர் என்று மேலிருந்து கீழே வாருங்கள். சத்தம் உள்ள இடத்தில் அது கைப்பிடி வழியாகக் காதுக்கே வரும். தோளில் துண்டு, துப்பட்டா, தொங்கும் சங்கிலி எதுவும் வேண்டாம். பெல்ட்டும் ஃபேனும் எதையும் விட்டுவைக்காது, சில வண்டிகளில் இன்ஜின் நின்ற பிறகும் ஃபேன் சுற்றும். கதவு மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விட்டுக் கேட்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது.

## காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகட, பிறகு அடங்கிவிடுகிறது

ஓரிரு நொடியில் அடங்கினால்: இரவெல்லாம் ஆயில் கீழே இறங்கிவிட்டது, மேலே ஏறும்வரை உலோகம் உலோகத்தோடு பேசுகிறது. முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் ஆயில் ஃபில்டர் மேல். நல்ல ஃபில்டருக்குள் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு இருக்கும். விலை மலிவான போலி ஃபில்டரில் அந்த ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும், அல்லது சரியாகவே உட்காராது. எங்கள் வண்டியில் இந்தச் சத்தத்துக்காக டாப்பெட்டை இரண்டு முறை அட்ஜஸ்ட் செய்தோம். கடைசியில் ஒரிஜினல் ஃபில்டர் போட்டதும் அடுத்த நாளே போய்விட்டது.

அதன்பிறகு ஆயில் கிரேடு, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை. பழைய மாருதி 800 போன்ற இன்ஜின்களுக்கு 20டபிள்யூ-40 ஊற்றுவது நம்மூர் வழக்கம். 2010-க்குப் பிறகு வந்த ஆல்டோ கே10 போன்ற கே சீரிஸ் இன்ஜின்களுக்கு 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில் வேண்டும். "பழைய வண்டிதானே, கெட்டியா ஊத்தலாம்" என்று இவற்றில் 20டபிள்யூ-50 ஊற்றினால், காலைக் குளிரில் அது மேலே ஏறத் தாமதமாகும். கே10-ல் வால்வுகளை இன்ஜினின் சுற்றோடு சேர்த்து இயக்குவது பெல்ட் இல்லை, டைமிங் செயின். செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில் வேலை செய்வது. அதனால் செயின் வண்டியில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிய பிறகும் கடகட நீடித்தால், அது மெக்கானிக் கவரைத் திறந்து பார்க்க வேண்டிய வேலை. மூன்று நொடி ஐந்து நொடியாக வளர்ந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஐந்து நிமிடம்வரை கொட்டுக் கொட்டென்று கேட்டு, சூடானதும் அடங்கினால்: பிஸ்டனுக்கும் அது ஏறி இறங்கும் சிலிண்டர் துளைக்கும் (போர்) இடைவெளி கூடியிருக்கலாம். புகை இல்லை, ஆயில் குறையவில்லை என்றால் இதோடு வருடக்கணக்கில் ஓட்டலாம். இந்தச் சத்தத்துக்கு மட்டும் போர் வேலை செய்யச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

## மேலிருந்து டிக் டிக் டிக், ரேஸ் கொடுத்தால் வேகமாகிறது

எனக்கு அதிகமாக வரும் அழைப்பு இதற்குத்தான். தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கிறது என்பார்கள்.

ஆயில் அளவும் அதன் வயதும் எப்போதும் போல முதலில். கடைசியாக மாற்றிய தேதி பில்லில் இல்லை, கதவோர ஸ்டிக்கரிலும் இல்லை என்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டாப்பெட் மாதிரி நடிக்கும் மூன்று சத்தங்களை விலக்குங்கள். முதலாவது இன்ஜெக்டர். எம்பிஎஃப்ஐ வண்டியில் (கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை) இன்ஜெக்டர் மெல்லிசாக டிக் டிக் என்று அடிப்பது இயல்பு. ஸ்க்ரூ டிரைவரை இன்ஜெக்டர் மேல் வைத்தால் அதன் சத்தம் தனியாகக் கேட்கும்.

இரண்டாவது எக்ஸாஸ்ட் மேனிபோல்ட் கேஸ்கெட். குளிரில் அதிகமாக இருந்து, உலோகம் சூடேறி விரிந்ததும் குறையும். இன்ஜின் ஆறியதும் டார்ச் அடித்து, மேனிபோல்ட் ஹெட்டோடு சேரும் இடத்தில் கரிப்புகைக் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேஸ்கெட்தான், ஆயிலுக்குச் சம்பந்தமே இல்லை.

மூன்றாவது லூசான ஸ்பார்க் பிளக். டிக் என்பதோடு லேசாகப் புஸ் என்ற ஒலியும் சேர்ந்திருக்கும், பிளக்கின் அடியைச் சுற்றிக் கறுத்திருக்கும். ஹெட் அலுமினியம் என்பதால் இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கையால் மரை பிடித்த பின்பே ஸ்பேனரை மாட்டுங்கள். மரை போய்விட்டால் செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

மூன்றும் இல்லை, ஆயிலும் புதுசு என்றால் டாப்பெட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி. மாருதி 800-ல் இது ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்து அட்ஜஸ்ட் செய்கிற வகை. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினுக்கு ஓர் அளவு, சூடான இன்ஜினுக்கு ஓர் அளவு. கையேட்டில் இரண்டும் இருக்கும். கேஜ் இல்லாமல் கை உணர்விலேயே வைக்கிற அனுபவசாலிகள் உண்டு. அவர்கள் மேல் மரியாதை இருந்தாலும், என் வண்டியில் கேஜ் வைத்தே பார்க்கச் சொல்வேன்.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். "சத்தமே வரக்கூடாது, நல்லா டைட் வச்சிடுங்க" என்று மெக்கானிக்கிடம் கேட்காதீர்கள். இடைவெளி அதிகமானால் சத்தம் வரும், அவ்வளவுதான். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் வால்வின் ஓரம் எரியும். அப்போது சத்தம் வராது. ஆறு மாதம் கழித்து வண்டி மிஸ்ஸிங் அடிக்கும், ஹெட்டைக் கழற்றச் சொல்வார்கள். கேஸ் கிட் போட்ட வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து இடைவெளி தானாகவே குறைந்துகொண்டு போகும் என்பதால், சத்தம் இல்லாவிட்டாலும் அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். லேசாக டிக் என்கிற டாப்பெட்டை நான் நம்புவேன்.

அட்ஜஸ்ட் செய்து ஒரே மாதத்தில் அதே டாப்பெட் மறுபடி லூசானால் ராக்கரோ, அதை அசைக்கும் கேமோ தேய்ந்திருக்கும். ஆயில் இல்லாமல் வறண்டு ஓடிய இன்ஜினில் முதலில் காயம்படுவது அங்கேதான். இது ஒர்க்‌ஷாப் வேலை.

## சூடான பிறகு ஐடிலிங்கில் சத்தம், சிவப்பு விளக்கு மினுக் மினுக்

காலையில் ஒன்றும் இல்லை. அரை மணி நேரம் ஓட்டி சிக்னலில் நிற்கும்போது மட்டும் விளக்கு மின்னுகிறது, ரேஸ் கொடுத்தால் அணைகிறது. எந்தச் சத்தத்தைவிடவும் இதற்கு நான் பயப்படுகிறேன்.

விளக்கோடு சத்தமும் சேர்ந்து வந்தால் அந்த இடத்திலேயே ஓரங்கட்டி அணைத்துவிடுங்கள். அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் அதே கிரேடு ஆயிலை ஊற்றிவிட்டு, விளக்கு அணைந்து சத்தமும் நின்றால் மட்டும் மெதுவாக வீடு போய்ச் சேரலாம். போனதும் ஆயில் எங்கே போனது என்று தேட வேண்டும். தரையில் சொட்டா, சைலன்சரில் நீலப்புகையா?

அளவு சரி, இன்ஜின் சத்தமும் வழக்கம் போலவே இருக்கிறது, விளக்கு மட்டும் மின்னுகிறது என்றால் ஆயில் பிரஷர் சுவிட்ச் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு. அதன் வயர் மாட்டும் இடத்தில் ஆயில் கசிந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சின்னப் பாகம், விலையும் குறைவு. ஆனால் "சுவிட்சாத்தான் இருக்கும்" என்று ஊகித்து மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடக் கூடாது. அந்த சுவிட்சைக் கழற்றிய ஓட்டையிலேயே பிரஷர் கேஜை மாட்டி, சூடான இன்ஜினில் ஐடிலிங்கிலும் ரேஸிலும் எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்துக் கையேட்டோடு ஒப்பிட வேண்டும். கேஜ் இருக்கிற ஒர்க்‌ஷாப்பில் இது பத்து நிமிட வேலை. கேஜ் வைக்காமலே "பம்ப் போச்சு" என்றோ "பேரிங் போச்சு" என்றோ சொன்னால் இன்னொரு இடத்தில் காட்டுங்கள்.

கேஜில் உண்மையிலேயே பிரஷர் குறைவு என்றால் இந்த வரிசையில் போகலாம். ஆயில் பழசு அல்லது பெட்ரோல் கலந்து நீர்த்தது: மாற்றிவிட்டு மறுபடி அளக்கலாம். ஆயில் சேம்பருக்குள் இருக்கும் சல்லடையில் கசடு அடைத்தது: சேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஆயில் மாற்றாத வண்டிகளில் நான் அதிகம் பார்த்த காரணம் இதுதான். அதன்பிறகே ஆயில் பம்ப், கடைசியாக கிராங்க் (இன்ஜினின் அடியில் சுற்றும் தண்டு) பேரிங்.

கெட்டி ஆயிலோ, சத்தத்தை அடக்கும் மருந்து டப்பாவோ ஊற்றி விளக்கை அணைப்பது வைத்தியம் ஆகாது. செகண்ட் ஹேண்டில் வண்டியை விற்கப்போகிறவர்களில் சிலர் இதைச் செய்வார்கள். வாங்கப் போகும்போது ஏற்கெனவே சூடாக்கி வைத்த வண்டியைக் காட்டினால், நாளை காலை குளிர்ந்த நிலையில் வந்து பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அப்புறம் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஐடிலிங்கிலும் கேளுங்கள்.

## அடியிலிருந்து டொக் டொக், கனமான அடி

சுத்தியலால் உள்ளிருந்து தட்டுவது போல இருக்கும். ரேஸ் கொடுத்து விடும்போது, இன்ஜின் வேகம் இறங்குகிற அந்த நேரத்தில் இன்னும் தெளிவாகக் கேட்கும்.

இன்ஜினை அணைத்துவிட்டுச் செலவில்லாத காரணங்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள். ஆறிய பிறகு சைலன்சர் மேலிருக்கும் தகடு ஆடுகிறதா? இன்ஜின் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா? கிராங்க் புல்லி போல்ட் லூசா? கிழிந்த மவுண்டிங்கும் லூஸ் புல்லியும் பேரிங் சத்தம் மாதிரியே ஏமாற்றும். அடியில் குனிந்து பார்க்க வேண்டியிருந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள், ஸ்டாண்ட் வைக்காமல் தலையை நுழைக்கவே கூடாது.

இவை எதுவும் இல்லை, ஆயிலில் மினுமினுப்பு இருக்கிறது என்றால் பிஸ்டனை கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். உறுதி செய்ய, மெக்கானிக் ஒவ்வொரு சிலிண்டராக இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றிக் கேட்பார். எதைக் கழற்றும்போது அடி குறைகிறதோ அந்தச் சிலிண்டர்தான். ஓடுகிற இன்ஜினில் பிளக் வயரை வெறுங்கையால் பிடுங்கிப் பார்க்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. ஷாக் பலமாக அடிக்கும், நீங்கள் செய்யாதீர்கள்.

இதற்கு மேல் ஸ்டார்ட்டே செய்யாதீர்கள். இன்று நின்றால் பேரிங் மாற்றி, கிராங்க்கை லேத்தில் கொடுத்துக் கிரைண்டிங் செய்வதோடு போகலாம். இன்னும் இருபது கிலோமீட்டர் ஓட்டினால் ராட் உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரலாம், பிறகு கிரைண்டிங் செய்ய எதுவும் மிஞ்சாது. வண்டியை லாரியில் ஏற்றி அனுப்புங்கள். கயிறு கட்டி இழுத்தால் இன்ஜின் ஓடாததால் பிரேக் கல் மாதிரி இறுகும், பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் கனக்கும்.

## மேடு ஏறும்போது மட்டும் கிலுகிலு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், சமதளத்தில் வாய் திறக்காத வண்டியும் பேசும். கோலிகளை டப்பாவில் போட்டுக் குலுக்கியது போன்ற ஒலி. இது பெரும்பாலும் ஆயில் விவகாரம் இல்லை.

முதல் காரணம் நம் ஓட்டம். மூன்றாம் கியரில் திணறுகிற வண்டியை இரண்டாம் கியருக்கு இறக்குங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே நின்றுவிடும். அடுத்து டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள், இன்ஜின் சூடேறியிருந்தாலும் இப்படித் தட்டும். கடைசியாக பெட்ரோல் போட்ட பங்க்கை மாற்றிப் பாருங்கள். பிளக் பழசா, அந்த வண்டிக்குரிய நம்பர்தானா என்று பாருங்கள். கார்புரேட்டர் வண்டியானால் இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பார்க்கச் சொல்லுங்கள். ரிங் தேய்ந்து ஆயில் எரிகிற இன்ஜினில் கரி படிந்தும் இது வரும். அப்போது நீலப்புகையும் கூடவே இருக்கும். சூடு ஏறுகிற வண்டியில் தட்டுவதைப் பொருட்படுத்தாமல் மலை ஏறாதீர்கள்.

## கீச், விர்ர், கரகர: பெல்ட் பக்கம்

ஓடும் பெல்ட்டின் உள்பக்கத்தில், தள்ளி நின்றே, ஸ்ப்ரே பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். கீச் கொஞ்ச நேரம் நின்றால் பெல்ட் பழசு அல்லது புல்லி நேர்கோட்டில் இல்லை. கீச் கூடினால் பெல்ட் லூஸ்.

கரகர, விர்ர் என்றால் ஏதோ ஒரு பேரிங். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் புல்லிகளைக் கையால் சுற்றிப் பாருங்கள். பெல்ட் இல்லாமல் இன்ஜினை அரை நிமிடம் ஓட்டிக் கேட்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் இன்ஜினுக்குள் ஒன்றும் இல்லை. நிற்காமல் டைமிங் கவருக்குள்ளிருந்து விர்ர் வந்தால் டென்ஷனர் பேரிங்காக இருக்கலாம். அதைத் திறக்கும்போது பெல்ட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். டைமிங் பெல்ட்டில் சொந்தக் கை வைக்க வேண்டாம்.

## டிப்ஸ்டிக்கில் தார், மூடியில் வெண்ணெய்

ஆயில் ஊற்றும் மூடியைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் வெண்ணெய் போல வெளுத்த நுரை ஒட்டியிருந்தால் இரண்டு வழி. டிப்ஸ்டிக்கில் ஆயில் நன்றாக இருந்து, கூலன்ட் அளவும் குறையாமல் இருந்தால் அது குட்டிக்குட்டி ஓட்டத்தால் சேர்ந்த ஈரம். ஆயிலை மாற்றி, வாரம் ஒருமுறை வண்டியை முப்பது நாற்பது நிமிடம் நெடுஞ்சாலையில் விடுங்கள். டிப்ஸ்டிக்கிலும் ஆயில் பாலும் டீயும் கலந்த நிறத்தில் இருக்கிறது, கூலன்டும் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட். ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

நுரை இல்லை, தார் போலக் கறுப்புக் கசடு. டார்ச் அடித்தால் ராக்கர் மேலெல்லாம் அடை அடையாகத் தெரிகிறது. மூன்று நான்கு வருடம் ஆயில் மாற்றாத வண்டி இப்படித்தான் இருக்கும். இங்கேதான் ஆர்வக்கோளாறில் தப்பு நடக்கிறது. மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றிக் கழுவுவது, ஃப்ளஷ் டப்பா வாங்கி ஊற்றி ரேஸ் பண்ணுவது. அடை மொத்தமாகப் பெயர்ந்து கீழே இறங்கி, ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும். அதுவரை சத்தம் போட்டுக்கொண்டாவது ஓடிய இன்ஜின், கழுவிய பிறகு சீஸ் ஆன கதை இதனால்தான்.

நான் செய்வது இது. சரியான கிரேடில் விலை நடுத்தரமான ஆயில், புது ஒரிஜினல் ஃபில்டர். இன்ஜினை லேசாகச் சூடாக்கி டிரெயின் போல்ட்டைத் திறந்து, கடைசிச் சொட்டுவரை பொறுமையாக வடிய விடுவேன். போல்ட்டுக்குப் புது வாஷர். புது ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் ரேஸ் கொடுக்க மாட்டேன். சில நொடியில் விளக்கு அணைய வேண்டும், பத்து நொடி ஆகியும் அணையாவிட்டால் உடனே ஆஃப். அப்படியே 500 கிலோமீட்டர், அதிகம் போனால் 1,000 கிலோமீட்டர் சாதுவாக ஓட்டிவிட்டு ஆயிலையும் ஃபில்டரையும் மறுபடி மாற்றுவேன். இரண்டாவது முறை வடிகிற ஆயில் எவ்வளவு கறுப்பு என்று பார்த்தால் மூன்றாவது தேவையா என்று தெரிந்துவிடும். புது ஆயிலே அடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும், ஃபில்டர் பிடித்துக்கொள்ளும். இரண்டு ஆயில் மாற்றும் செலவு சில ஆயிரங்களில் முடியும். இன்ஜினை இறக்கினால் பத்தாயிரங்களில் பேச வேண்டியிருக்கும்.

அடை விரல் கனத்துக்கு இருந்தால் இந்தப் பொறுமை வைத்தியம் போதாது. டாப்பெட் கவரைத் திறந்து வழித்து, சேம்பரை இறக்கிச் சல்லடையைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். நாம் வீட்டில் செய்கிற வேலை அது இல்லை.

ஆயிலை பில்லோடு, சீல் பார்த்து வாங்குங்கள். காலி டப்பாவை ஓட்டை போட்டுவிட்டே குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் அதில் வேறு ஆயில் நிரப்பி விற்பவர்கள் கைக்குப் போகும். வடித்த ஆயில் சாக்கடைக்கும் வேண்டாம், மண்ணுக்கும் வேண்டாம். கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தால், கழிவு ஆயில் வாங்க வருபவரிடம் சேர்த்துவிடுவார்கள்.

## ஆயில் மாற்றிய பிறகுதான் சத்தம்

"நல்லா இருந்த வண்டி, ஆயில் மாத்தினதும் சத்தம் போடுது." இதைச் சொல்கிறவர்களை நம்புங்கள், உண்மையாகவே நடக்கும்.

அளவை மறுபடி பாருங்கள். குறைவாக ஊற்றியிருப்பார்கள், அல்லது வடிந்து முடிவதற்குள் ஊற்றி மேல்கோட்டைத் தாண்டியிருக்கும். அதிகமானால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும், நுரையை பம்ப்பால் தள்ள முடியாது, டாப்பெட் சத்தம் போடும். அதிகமானதை வடித்தால் போதும்.

பிறகு ஃபில்டரின் விளிம்பைப் பாருங்கள். ஒருமுறை உறவினர் வண்டியில் பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டதைக் கவனிக்காமல், அதன் மேலேயே புது ஃபில்டரை ஏற்றிவிட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் ஒரு சொட்டும் கசியவில்லை. பைபாஸில் வேகம் எடுத்ததும் வளையம் பிதுங்கி, இரண்டே நிமிடத்தில் ஆயில் முழுக்க ரோட்டில் கிடந்தது. நல்ல வேளையாக விளக்கைப் பார்த்த உடனே அணைத்துவிட்டார், இன்ஜின் தப்பித்தது. அன்றிலிருந்து பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதில் வளையம் இருக்கிறதா என்று என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் புதுசை ஏற்ற விடுவேன்.

அளவு சரி, ஃபில்டரும் சரி, கசிவும் இல்லை. ஆனால் ஆயில் மாற்றி நூறு இருநூறு கிலோமீட்டருக்குள் டிக் டிக் தொடங்கி நாளுக்கு நாள் கூடுகிறது, அல்லது சூட்டில் விளக்கு மின்னத் தொடங்குகிறது என்றால், பெயர்ந்த கசடு சல்லடைக்குப் போய்விட்டது. இன்னொரு முறை ஆயில் மாற்றிப் பார்க்கலாம் என்று ஓட்டாதீர்கள். பிரஷர் கேஜ் வைத்துப் பார்த்து, சேம்பரை இறக்கச் சொல்லுங்கள். போனில் மெக்கானிக்கிடம் "சத்தம் வருது" என்று மட்டும் சொல்லாமல், குளிரிலா சூட்டிலா, மேலேயா அடியிலா, விளக்கு எரிந்ததா, ஆயில் மாற்றி எத்தனை கிலோமீட்டர் என்ற நான்கையும் சொல்லுங்கள். வண்டியை ஓட்டி வரலாமா, ஏற்றி வரணுமா என்று அவர் அங்கிருந்தே சொல்லிவிடுவார்.